திரையிற் கறையும் அதன் காரணமும்: ஒளியெறிவுத் தொலைக்காட்சியின் நிறக்கேட்டை அறிதல்

நோயின் குறியை நோயென்றே கொள்ளும் தவறு மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. தொலைக்காட்சித் திரையில் மஞ்சட் கறையொன்று தோன்றியதும் திரை பழுதாகிவிட்டதென முடிவுசெய்து, கருவியையே கழித்துவிடுவதும் அத்தகையதே. பின்னிருந்து ஒளியை எறிந்து படங்காட்டும் பெருந்திரைத் தொலைக்காட்சிகளைப் பொறுத்தவரை இம்முடிவு பெரும்பாலும் பிழையானது. அவற்றின் திரை, விம்பம் வந்து விழும் தகடு மாத்திரமே. நிறம் உருவாவது பெட்டியின் உள்ளே. கறையின் இடம், வடிவம், நிறம் ஆகிய மூன்றையும் கொண்டு நிறக்கேட்டின் காரணத்தைப் பெரிதும் அறியலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வகைத் தொலைக்காட்சிகளைக் கைவிடுவதாகச் சொனி நிறுவனம் 2007 டிசெம்பரில் அறிவித்தது. இறுதிவரை நிலைத்து நின்ற மிற்சுபிசி நிறுவனமும் 2012 டிசெம்பரில் விலகியது. எனவே எஞ்சியுள்ள கருவிகள் பழுதுபார்த்தலாலேயே வாழ்கின்றன. விரிவுரை மண்டபங்களிலுள்ள திரவப் பளிங்கு எறியிகள் பலவற்றில் இதே ஒளியியலமைப்பு இன்றும் பயன்படுவதால், இவ்விடயம் பழங்கதையுமன்று.

1. முதலிற் செய்ய வேண்டிய சோதனை

கேடு கருவியிலா, கருவிக்கு வரும் சைகையிலா என்பதை முதலில் வேறுபடுத்த வேண்டும். தொலைக்காட்சி தன் திரையில் தானே எழுதிக் காட்டும் தெரிவுப்பட்டியல் வெளியிலிருந்து வருவதன்று. அப்பட்டியலின் நிறம் சரியாகவும் படத்தின் நிறம் பிழையாகவும் இருப்பின், குற்றம் வடத்திலோ படத்தை அனுப்பும் கருவியிலோ உள்ளது. மூவட இணைப்பில் ஒரு வடம் கழன்றாலே முழுப் படமும் நிறம் மாறிவிடும்.

பட்டியலும் நிறங்கெட்டிருப்பின், முழு வெள்ளைப் படமொன்றையும் முழுக் கருமைப் படமொன்றையும் அடுத்தடுத்துக் காட்டி நோக்குதல் வேண்டும். திரை முழுவதும் ஒரே சாயலா, ஓரிடத்தில் மட்டும் கறையா என்பது இரண்டாவது வினா. இதற்கான விடையைப் பெற்ற பின்னரே கருவியின் வகைக்கேற்ப மேற்செல்லலாம்.

2. மூன்று குழாய்க் கருவிகள்

முதல் வகைக் கருவியில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறங்களுக்குத் தனித்தனிக் கதோட்டுக்கதிர்க் குழாய்கள் உள்ளன. மூன்றன் விம்பங்களும் திரையில் ஒன்றன்மேலொன்று விழுகின்றன. ஒரு குழாய் ஒளி குன்றினால், வெள்ளையிலிருந்து அந்நிறம் கழிந்த மீதியே முழுத் திரையிலும் தெரியும். நீலம் குன்றின் மஞ்சளும், பச்சை குன்றின் மசெந்தாவும், சிவப்புக் குன்றின் மயில்நீலமும் மேலோங்கும். இருவில்லைகளை மறைத்து மூன்றாவதை மட்டும் நோக்கினால் எக்குழாய் தளர்ந்துள்ளதெனத் தெரியும்.

ஆயினும் தளர்ந்தது குழாய்தான் என்று உடனே துணிதல் கூடாது. இக்குழாய்கள் மிகுந்த வெப்பத்தை வெளிவிடுவன. குழாயின் முகத்துக்கும் வில்லைக்குமிடையில் எதிலீன் கிளைக்கோலும் கிளிசரீனும் கலந்த குளிர்திரவம் நிரப்பப்பட்டிருக்கும். ஆண்டுகள் செல்ல அது கலங்கும். அதில் பாசிபோன்ற படிவுகளும் தோன்றும். அப்போது ஒளிமிக்க எழுத்துகளைச் சுற்றி ஒரு நிறப்புகை சூழ்ந்து நிற்கும். மின்னை நிறுத்திவிட்டுக் கைவிளக்கால் வில்லையினுள் நோக்கினால் கலங்கல் கண்ணுக்குப் புலப்படும். திரவத்தை மாற்றுதல் சிறு செலவு. குழாயை மாற்றுதல் பெருஞ்செலவு. இவ்விரண்டையும் பிரித்தறிய உதவுவது ஒரு கைவிளக்கே.

மாறாக, ஒளிபரப்பு நிலையத்தின் சின்னமோ விளையாட்டொன்றின் சட்டகமோ எப்படத்திலும் நிழலாய்த் தெரியுமாயின், அவ்விடத்துப் பொசுபர் தேய்ந்துவிட்டது. அதனைத் துடைத்து நீக்க வழியில்லை. பொருள்களின் விளிம்பில் மட்டும் சிவப்பும் நீலமும் பிரிந்து தோன்றின், அது நிறக்கேடன்று. மூன்று விம்பங்களும் ஒருங்கு பொருந்தாமையாகும். குழாய்களுக்கு ஏறத்தாழ 30,000 வோல்ற்று அழுத்தம் ஊட்டப்படுவதால், உட்புற வேலையைப் பயின்றவரே செய்தல் வேண்டும்.

3. திரவப் பளிங்குக் கருவிகள்

தவறான தீர்ப்புகள் மிகுதியும் எழுவது இவ்வகையிலேயே. ஒரே விளக்கின் வெண்ணொளி மூன்று நிறங்களாகப் பிரிந்து மூன்று திரவப் பளிங்குத் தகடுகளினூடாகச் செல்கிறது. ஒவ்வொரு தகட்டின் இருபுறத்தும் முனைவாக்கிப் படலம் உண்டு. சேதனப் பொருளாலான படலங்களை வெப்பமும் செறிந்த ஒளியும் காலப்போக்கிற் சிதைக்கின்றன. நீல ஒளி கூடிய சத்தியுடையதாதலால் நீலப் பாதையின் படலமே பெரும்பாலும் முதலிற் கெடுகிறது.

இங்கு கவனிக்கத்தக்க உண்மையொன்றுண்டு. முனைவாக்கும் ஆற்றலை இழந்த படலம், தடுக்கவேண்டிய நீல ஒளியைக் கசியவிடுகிறது. ஆதலால் கருமைப் படத்தில் நீலக்கறை தோன்றுகிறது. அதே படலம் வெந்து நிறம் மாறியிருப்பின், விடவேண்டிய நீலத்தை உறிஞ்சுகிறது. ஆதலால் வெள்ளைப் படத்தில் மஞ்சட் கறை தோன்றுகிறது. ஒன்றுக்கொன்று எதிரான இரு நிறங்களுக்கும் மூலம் ஒன்றேயாக இருக்கலாம். வெள்ளை, கருமை ஆகிய இரு படங்களையும் நோக்க வேண்டுமென முன்னர் கூறியது இதன்பொருட்டே.

தகட்டின்மேற் படிந்த தூசியும் நிறக்கறையாகத் தோன்றும். ஆனால் அது கருமைப் படத்தில் உருண்டையாய், மங்கலான விளிம்புடன் நிற்கும். காற்றூதித் துப்புரவு செய்தால் நீங்கும். படலச் சிதைவோ ஒழுங்கற்ற வடிவில் மாதந்தோறும் பரவும்.

4. நுண்ணாடிக் கருவிகள்

ரெக்சாஸ் இன்ஸ்ருமென்ற்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த லாரி ஹோர்ன்பெக் 1987இல் உருவாக்கிய நுண்ணாடிச் சில்லை அடிப்படையாகக் கொண்டது மூன்றாம் வகை. பொதுவாக ஒரே சில்லின்மேல் நிறங்கள் சுழலும் நிறச்சக்கரத்தினூடே ஒன்றன்பின் ஒன்றாக விழுகின்றன. சக்கரத்தின் சுழற்சி பிசகினால் திரை முழுவதும் நிறம் பிழைக்கும். ஒரு மூலை மட்டும் கறைப்படாது. அசையாது நின்றுவிட்ட நுண்ணாடிகள் நிறக்கறையாகவன்றி வெண்புள்ளிகளாகவோ கரும்புள்ளிகளாகவோ தெரியும். படம் முழுவதும் மங்கிச் சாயலும் மாறியிருப்பின் முதலில் ஐயுற வேண்டியது விளக்கையே.

5. அறிதலின் பயன்

இச்சோதனைகளுக்கு வேண்டியவை இரு வெற்றுப் படங்களும் ஒரு கைவிளக்கும் பொறுமையுமே. ஆயினும் இவை பொதுஅறிவாகப் பரவவில்லை. ஒளியியற் பகுதி முழுவதும் ஒரே தொகுதியாக விற்கப்படும்போது, விரலளவான படலமொன்றின் கேடு முழுத் தொகுதியின் விலையாக மாறுகிறது. அவ்விலையைக் கேட்டவர் புதியதொன்றை வாங்குவதே மேலென எண்ணுகிறார். கழிக்கப்பட்ட கருவியோ குழாய்க் கண்ணாடியின் ஈயத்துடனும் விளக்கின் இரசத்துடனும் குப்பைமேட்டை அடைகிறது. அதனைப் பிரித்தெடுத்து வயிறு வளர்க்கும் ஏழைத் தொழிலாளியின் உடலிலேயே அவ்விழப்பின் இறுதிக் கணக்கு எழுதப்படுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச்சு முதல், மின்னணுக் காட்சித்திரைகளின் உதிரிப்பாகங்கள் சிலவற்றை, ஒரு மாதிரியின் கடைசிக் கருவி சந்தைக்கு வந்தபின் குறைந்தது 7 ஆண்டுகள் பழுதுபார்ப்போருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டுமென விதித்துள்ளது. அது வரவேற்கத்தக்கதே. எனினும், எந்தப் பாகம் கெட்டதென அறிய இயலாதவருக்கு உதிரிப்பாகம் கிடைப்பதால் மட்டும் பயனில்லை. விரிவுரை மண்டபத்து எறியியொன்றில் மஞ்சட் கறை தோன்றும்போது, அதனைக் கழிவுப்பட்டியலிற் சேர்ப்பதற்கு முன் ஒரு கருமைப் படத்தையும் காட்டி நோக்குவதிலிருந்து அவ்வறிவு தொடங்கலாம்.