வளர்ந்தவர்களின் ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும்: இல்லறத்தில் எழும் சிக்கல்கள்

பள்ளிப்பருவத்தோடு முடியாதவை

ஆட்டிசமும், கவனக்குறைவு மற்றும் மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு எனப்படும் ஏ.டி.எச்.டி.யும் மூளை வளரும் விதத்திலேயே வேர்கொண்டவை. ஆகவே பள்ளிப்பருவம் கழிந்ததும் அவையும் கழிந்துவிடும் என்ற எதிர்பார்ப்புக்கு அடிப்படை இல்லை. பிறரோடு பேசிப் பழகும் முறையிலும், ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றைப் புலன்கள் உள்வாங்கும் அளவிலும், பழகிய ஒழுங்கையும் ஆழ்ந்த ஈடுபாடுகளையும் நாடும் போக்கிலும் காணப்படும் வேறுபாடு ஆட்டிசம் எனப்படுகிறது. கவனத்தை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரம் நிறுத்துவது, உந்துதலை அடக்குவது, நேரத்தை மதிப்பிடுவது ஆகியவற்றில் நீடிக்கும் இடர்ப்பாடு ஏ.டி.எச்.டி. ஆகும். இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்து அமைவது அரிதன்று. எனினும் அமெரிக்க உளநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு, 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான், இரண்டையும் ஒருவருக்கே கண்டறியலாம் என ஏற்றுக்கொண்டது. ஏ.டி.எச்.டி.க்குக் குழந்தைகளிடம் ஒரு பிரிவில் ஆறு அறிகுறிகள் வேண்டும் என்ற அளவை, 17 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு ஐந்தாகக் குறைத்து, அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும் என்று வரையறுத்ததும் அதே பதிப்புதான்.

மருத்துவர் லியோ கானர் 1943இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் முதல் நேர்வாக இடம்பெற்ற டொனால்ட் டிரிப்லெட் என்ற சிறுவன், பின்னாளில் பட்டம் பெற்று, மிசிசிப்பி மாநிலத்திலுள்ள சொந்த ஊரில் வங்கிப் பணியில் இருந்து, கார் ஓட்டி, கோல்ஃப் ஆடி, பல நாடுகளைச் சுற்றிவந்து, 89 வயது வாழ்ந்து 2023இல் மறைந்தார். அவருடைய வாழ்க்கை அவ்வளவு சீராக அமைந்ததற்கு அவருடைய திறமையோடு குடும்பத்தின் வசதியும், அவரை அவர் போக்கில் ஏற்றுக்கொண்ட ஊரும் காரணம் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் கருதுகின்றனர். அந்தக் கடைசிக் காரணம், அதாவது சுற்றியிருப்பவர்களின் பங்கு, மருத்துவ நூல்களில் சில வரிகளோடு நின்றுவிடுகிறது. வீட்டிலோ எல்லாமே அதைப் பொறுத்துத்தான் அமைகிறது.

காலம் கடந்து தெரியவரும் காரணம்

வகுப்பில் ஓடிக்கொண்டே இருந்த பையனை ஆசிரியர் கவனித்தார். சன்னலோரம் அமர்ந்து கனவில் ஆழ்ந்திருந்த பெண்ணைக் கவனிக்கவில்லை. கவனக்குறைவு மட்டும் மேலோங்கிய ஏ.டி.எச்.டி. பெண்களிடம் தவறவிடப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். ஆட்டிசத்தில் இதனோடு மறைப்பு என்னும் பழக்கமும் சேர்கிறது: பிறர் எப்போது சிரிக்கிறார்கள், எவ்வளவு நேரம் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்பவற்றை உற்றுக் கவனித்து, மனப்பாடம் செய்து, அவ்வாறே நடந்துகாட்டுவதுதான் அந்த மறைப்பு. அலுவலகத்தில் நாள் முழுதும் கலகலப்பாக இருந்தவர் வீடு திரும்பியதும் ஒரு சொல்கூடப் பேசாமல் அறைக்குள் போய்விடுவதற்கு, வீட்டார் மீதுள்ள வெறுப்பைவிட அந்த நடிப்பால் வந்த களைப்பே பெரும்பாலும் காரணமாகிறது.

இரண்டிலும் மரபணுக்களின் பங்கு பெரிது. எனவே மகனையோ மகளையோ பரிசோதனைக்கு அழைத்துச்சென்ற தாயோ தந்தையோ, மருத்துவர் கேட்கும் கேள்விகளில் தம் சிறுவயதையே கண்டுகொள்வது மருத்துவமனைகளில் வழக்கமாக நிகழ்வது. ஏ.டி.எச்.டி.க்கு உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் ஆறு கேள்விகள் கொண்ட சுயமதிப்பீட்டுப் படிவம் ஒன்று உண்டு. ஆனால் அது மேல்பரிசோதனை தேவையா என்று காட்டுமேயன்றி முடிவைச் சொல்லாது. தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதல், மனச்சோர்வு, இருமுனை மனநோய் ஆகியவையும் கவனத்தைக் குலைக்கக்கூடியவை என்பதால், அவற்றை விலக்கிய பின்னரே மனநல மருத்துவரும் மருத்துவ உளவியலாளரும் முடிவுக்கு வருவர். சிறுவயது வரலாற்றுக்குத் தாயின் நினைவும், அலமாரியின் அடியில் கிடக்கும் பழைய ரேங்க் கார்டில் ஆசிரியர் எழுதிய ஒற்றை வரியும் பெரிதும் உதவுகின்றன.

மறதியும் மதிப்பும்

திட்டமிடுதல், தொடங்குதல், இடையில் வந்ததை ஒதுக்குதல், பாதியில் விட்டதற்குத் திரும்புதல் ஆகிய ஆற்றல்களைச் செயலாட்சித் திறன்கள் என உளவியலாளர் குறிப்பிடுகின்றனர். ஏ.டி.எச்.டி.யில் தளர்ந்திருப்பவை இவையே. அறிவுக்கோ அன்புக்கோ இதில் குறைவில்லை. தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. நாள்தோறும் செய்வது கையோடு பழகிவிடும். மாதந்தோறும் வருவது சம்பள நாளோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு மாத இடைவெளியில் வருவதோ எந்தப் பழக்கத்தோடும் ஒட்டாமல், நினைவை மட்டுமே நம்பி நிற்கிறது. வங்கிக் கணக்கில் பணம் இருந்தும், கைப்பேசியில் குறுஞ்செய்தி வந்தும், “அப்புறம் கட்டலாம்” என்று மூடிவைத்த அந்த ஒரு கணத்தோடு அச்செய்தி மனத்திலிருந்து நழுவிவிடுகிறது. மின்சாரம் துண்டிக்கப்படும் நாளில்தான் மீண்டும் தலைகாட்டுகிறது.

வாழ்க்கைத்துணைக்கு இது வேறுவிதமாகத் தெரிகிறது. கிரிக்கெட் வீரர்களின் ஓட்ட எண்ணிக்கையைப் பத்தாண்டுகளுக்குப் பின்னோக்கிச் சொல்லக்கூடியவர், மாமனாருக்கு மருந்து வாங்கிவரச் சொன்னதை மறந்துவிட்டார் என்றால், அக்கறை இல்லாததால்தான் மறந்தார் என்று முடிவுகட்டுவது மனித இயல்பு. ஆர்வத்தைத் தூண்டும் செய்தியில் கவனம் தானே குவிவதும், தூண்டாத செய்தியில் முயன்றும் நில்லாமல் போவதும் இக்குறைபாட்டின் அடிப்படைக் கூறு என்பது விளங்காதவரை, அந்த முடிவை மாற்றிக்கொள்ள அவருக்கு வழியே இல்லை. நாளடைவில் நினைவூட்டுவது முழுவதும் ஒருவர் தலையில் விழுகிறது. அவர் தாயைப் போலக் கண்டிக்கத் தொடங்க, மற்றவர் பிள்ளையைப் போலச் சாக்குச் சொல்லவோ பொய் சொல்லவோ தொடங்குகிறார். இருவரையும் சிகிச்சைக்கு அழைத்துவருவது பெரும்பாலும் இந்த நிலையே. இதில் துணையின் களைப்பும் உண்மையானது. நோயின் பெயர் தெரிந்துவிட்டதாலேயே அவர் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று உறவினர்கள் எதிர்பார்ப்பது அநியாயம்.

“இனிமேல் கவனமாக இருப்பேன்” என்ற உறுதிமொழி இங்கே பயன்படாது. எவ்வளவு மனமார்ந்து சொன்னாலும், அது தளர்ந்திருக்கும் அதே நினைவைத்தான் நம்பியிருக்கிறது. பயன்தருவது நினைவைத் தலைக்கு வெளியே கொண்டுவைப்பது: மின்கட்டணம் வங்கிக் கணக்கிலிருந்து தானே கழியுமாறு செய்தல், மாத்திரைச் சீட்டைச் செருப்பின்மேல் வைத்தல், சாவிக்கு வாசற்கதவருகே ஒரே ஓர் ஆணி. இரட்டைச் சுவருக்குள் நீர் ஊற்றிக் காய்ச்சும் பால் குக்கர், பால் பொங்கி வழியாமல் காத்து விசிலடித்து அழைப்பதால், இத்தகைய ஏற்பாட்டுக்குத் தமிழர் சமையலறையில் ஏற்கெனவே இருக்கும் நல்ல எடுத்துக்காட்டு. அதை வைத்திருப்பவரை யாரும் பொறுப்பற்றவர் என்று சொல்வதில்லை. வேலைப் பகிர்வையும் இதே நோக்கில் அமைக்கலாம். துணி துவைக்கும் இயந்திரத்தில் போடுவது, எடுப்பது, உலர்த்துவது, மடிப்பது என்று இடைவெளி விட்டு நீளும் வேலையைவிட, நின்ற இடத்தில் தொடங்கி முடியும் காய்கறி நறுக்குதல் ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு எளிது. மற்றவர் அருகில் அமர்ந்து தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே, இவருக்குத் தொடங்காத வேலை தொடங்கிவிடுவதும் உண்டு.

கல்யாண மண்டபத்தின் சத்தம்

ஆட்டிசத்தில் புலனுணர்வு கூடுதலாகவோ குறைவாகவோ அமையலாம். ஒரே மனிதரிடம் இரண்டும் கலந்தும் இருக்கலாம். முகூர்த்த நேரத்துத் திருமண மண்டபத்தில் தவிலும் நாகஸ்வரமும் ஒலிபெருக்கி வழியே முழங்க, வீடியோ எடுப்பவரின் விளக்கு கண்ணில் அடிக்க, புதுப்பட்டின் சரிகை கழுத்தில் உராய, எதிரே வந்த பெரியம்மா கன்னத்தைத் தொட்டு நலம் விசாரிக்க, இவை அனைத்தும் ஒரே அளவு உரத்து மூளைக்குள் நுழைகின்றன. மற்றவர்களின் மூளை தானாகவே பின்னுக்குத் தள்ளிவிடும் ஒலிகளை இவர்களின் மூளை அவ்வாறு தள்ளுவதில்லை. இந்நிலை எல்லை மீறும்போது சிலர் வெடித்து அழுகின்றனர் அல்லது கத்துகின்றனர். சிலர் பேச்சற்று உறைந்துவிடுகின்றனர். இரண்டும் பிடிவாதமாகவோ திமிராகவோ கொள்ளப்படுவதால், சத்தத்தைவிட அதற்குப் பின்வரும் வசையே நெடுநாள் வலிக்கிறது. காதடைப்பானோடு வந்து, கெட்டிமேளம் முடிந்ததும் பந்திக்குக் காத்திராமல் புறப்பட்டுவிடுவது என்று முன்னரே பேசிவைத்துக்கொண்ட தம்பதியர், உறவையும் காத்து உடலையும் காத்துக்கொள்கின்றனர்.

உடலின் உள்ளிருந்து வரும் செய்திகளிலும் இதே சிக்கல் உண்டு. பசி, தாகம், களைப்பு ஆகியவற்றை உரிய நேரத்தில் உணராமல், கை நடுங்கும்போதோ எரிச்சல் தலைக்கேறிய பிறகோதான் பகலில் சாப்பிடவில்லை என்பது சிலருக்கு உறைக்கிறது.

பேச்சில் தவறிப்போவது

மருமகனிடமோ மருமகளிடமோ “குழம்பு எப்படி இருக்கிறது?” என்று மாமியார் கேட்கும்போது, அது குழம்பைப் பற்றிய கேள்வி அன்று என்பதைப் பெரும்பாலோர் சொல்லாமலே அறிவர். ஆட்டிசமுள்ளவர் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, “உப்பு சற்று அதிகம்” என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார். இத்தகைய நிகழ்வுகளைக் கொண்டு, ஆட்டிசமுள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரியாது என்று நெடுங்காலம் எழுதப்பட்டுவந்தது. தாமும் ஆட்டிசமுடையவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்ட்டன் 2012இல் இதற்கு மாற்றுக் கருத்தை முன்வைத்தார்: புரியாமை இருபுறமும் உள்ளது, ஆட்டிசம் இல்லாதவர்களும் ஆட்டிசமுள்ளவர்களின் முகத்தையும் குரலையும் தவறாகவே படிக்கின்றனர், எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் என்பதால் அவர்களுடைய தவறு தவறாகத் தெரிவதில்லை. ஒருவர் சொன்ன கதையை அடுத்தவருக்குச் சங்கிலியாகக் கடத்தச் செய்து 2020இல் கேத்தரின் குரோம்ப்டன் குழுவினர் நடத்திய சோதனையில், ஆட்டிசமுள்ளவர்கள் மட்டும் இருந்த சங்கிலி மற்றவர்களின் சங்கிலிக்கு இணையாகவே கதையைக் கடத்தியது. இரு தரப்பும் கலந்த சங்கிலியில்தான் விவரங்கள் விரைவாக உதிர்ந்தன. பின்னர் நடந்த பெரிய ஆய்வில் கலப்புச் சங்கிலியின் வீழ்ச்சி தென்படவில்லை. ஆயினும் ஆட்டிசமுள்ளவர்கள் செய்தியைப் பகிர்வதில் பின்தங்கியவர்கள் அல்லர் என்ற முடிவு இரண்டிலும் நிலைக்கிறது.

கணவன் மனைவிக்கிடையே இது மேலும் நுட்பமான வடிவம் எடுக்கிறது. தம் உணர்ச்சி இன்னதென்று பெயரிட இயலாத நிலை ஆட்டிசமுள்ளவர்களில் கணிசமானோரிடம் காணப்படுகிறது. “என்ன கோபம்?” என்ற கேள்விக்கு “ஒன்றுமில்லை” என்று அவர் சொல்லும்போது, மறைக்கிறார் என்று துணை கருதுகிறார், அவருக்கோ நெஞ்சில் ஏதோ கனக்கிறது என்பதற்கு மேல் உண்மையிலேயே தெரிவதில்லை. மறுநாள் காலையில், அல்லது எழுத்தில் கேட்டால், பதில் வருவது உண்டு. ஒரே வீட்டின் இரண்டு அறைகளிலிருந்து வாட்ஸப்பில் சண்டையைத் தீர்த்துக்கொள்ளும் தம்பதியரைப் பார்த்து உறவினர் சிரிக்கலாம். முகத்தையும் குரலையும் படிக்கும் சுமை அதில் இல்லை என்பதால், அது இவர்களுக்குப் பொருத்தமான வழியே. குறிப்பால் உணர்த்துவதைக் கைவிட்டு, “இப்போது அறிவுரை வேண்டாம், பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்” என்று வெளிப்படையாகச் சொல்வதும் அத்தகையதே.

மருந்து

ஆட்டிசத்தின் அடிப்படை இயல்பை மாற்றும் மருந்து இல்லை. அவ்வாறு விற்கப்படும் எதையும் ஐயத்தோடு பார்ப்பதே தகும். உடன்வரும் பதற்றம், மனச்சோர்வு, உறக்கமின்மை ஆகியவற்றுக்கு மருத்துவம் உண்டு. ஏ.டி.எச்.டி.யில் மெத்தில்ஃபெனிடேட் சில மணி நேரம் கவனத்தை நிலைநிறுத்துகிறது. அட்டோமாக்செட்டின் பயன்தர வாரக்கணக்கில் ஆகும். இவற்றை உட்கொள்பவர்களின் இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் மருத்துவர் அவ்வப்போது பார்த்துவர வேண்டும். மெத்தில்ஃபெனிடேட் இந்தியாவில் எக்ஸ் அட்டவணையில் இருப்பதால், மருந்துச்சீட்டு இரண்டு படிகளாக எழுதப்பட்டு, ஒன்றை மருந்துக்கடை வைத்துக்கொள்ளும்; எல்லாக் கடைகளிலும் கிடைக்காது என்பதால் தீருவதற்கு முன்பே தேடிவைப்பது நல்லது, அதுவே இந்நோயாளிகளுக்கு மிகக் கடினமான செயல் என்றாலும். ஆட்டிசமுள்ள வளர்ந்தவர்களிடம் தற்கொலை எண்ணம் பொதுமக்களைவிட மிகுதியாகக் காணப்படுவதால், அத்தகைய பேச்சு எழுந்தால் தாமதிக்காமல் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழைக்கலாம், தமிழிலும் பேசுவர்.

சட்டமும் பணியிடமும்

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, ஏ.டி.எச்.டி. இல்லை. எனவே ஆட்டிசமுள்ளவர் 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு எனச் சான்று பெற்றால் அரசுப் பணி ஒதுக்கீட்டைக் கோரலாம், ஏ.டி.எச்.டி. மட்டும் உள்ளவருக்கு அந்த வழி இல்லாததால், அவருடைய பணிச்சூழல் மேலாளரின் மனத்தைப் பொறுத்தே அமைகிறது. இரு தரப்பினரும் கேட்பவை பெரும்பாலும் செலவில்லாதவை: வாய்மொழியாகச் சொன்ன பணியை மின்னஞ்சலிலும் அனுப்புதல், நடைபாதையை ஒட்டாத இருக்கை, தலையணி ஒலிக்கருவிக்கு அனுமதி, ஒரு மாதத்தில் முடிக்கவேண்டிய பணிக்கு வாரந்தோறும் ஒரு கெடு. நோயின் பெயரைச் சொல்லாமலேயே இவற்றைக் கேட்டுப் பெறுகிறவர்கள் உண்டு. பெயரைச் சொன்னால் பதவி உயர்வு கைநழுவிவிடும் என்ற அச்சம் பல அலுவலகங்களில் இன்னும் பொருளற்றதாகிவிடவில்லை.