ஆஸ்பத்திரி ஊழியர்க்குக் கட்டாயத் தடுப்பூசி

நோயைத் தீர்த்துக்கொள்ளவே மக்கள் ஆஸ்பத்திரியை நாடுகின்றனர். சென்ற இடத்தில் புதியதொரு நோயைப் பெற்றுத் திரும்புவார்களாயின் அதனினும் கொடுமை வேறில்லை. இன்புளூயன்ஸா என்னும் ஜுரத்தைப் பொறுத்தவரை இவ்வாறு நேர்வது அரிதன்று. ஆகவே, ஆஸ்பத்திரிச் சிப்பந்திகள் அனைவரும் அதற்குரிய தடுப்பூசியைப் போட்டுக்கொண்டே தீரவேண்டும் என்று விதிக்கலாமா என்னும் கேள்வி அமெரிக்காவிலும் கனடாவிலும் எழுந்தது. அவ்வரலாறு, ஊர் நலத்துக்குப் பொறுப்பேற்றுள்ள பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அறியத்தக்கது.

இந்நோய் இருமலாலும் தும்மலாலும் பரவுவது. காய்ச்சல் தோன்றுவதற்கு ஒரு நாள் முன்னதாகவே, நோய் கண்டவர் அதைப் பிறர்க்குத் தந்துவிடக்கூடும். திடகாத்திரமான நர்ஸ் ஒருவருக்கு அது சில நாள் உடல்வலியோடு ஒழியலாம். அவரிடமிருந்து அதைப் பெறும் முதியவருக்கோ கர்ப்பிணிக்கோ அது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆறு மாதம் நிறையாத குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி போடுவதில்லை. சுற்றியிருப்போர் நோயின்றி இருப்பதே அவர்களுக்குக் காவல். மந்தை முழுவதற்கும் கோமாரி ஊசி போடுவதன் நோக்கத்தை அறிந்த குடியானவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இக்கிருமி அடிக்கடி உருமாறுவதால் ஊசியையும் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். சுமார் இரண்டு வாரங்களில் பலன் ஏற்படும். வழக்கமான ஊசி மருந்தில் உயிருள்ள கிருமி இல்லை. ஆதலால் ஊசியாலேயே இந்த ஜுரம் வந்துவிடும் என்னும் அச்சம் வேண்டுவதில்லை. எனினும் பலன் முழுமையானதன்று. மருந்து கிருமிக்குப் பொருந்தி அமையும் ஆண்டுகளிலும், நோய் வாய்ப்பை அது 100க்கு 40 முதல் 60 வரையே குறைக்கிறது.

சியாட்டில் நகரிலுள்ள வர்ஜீனியா மேசன் ஆஸ்பத்திரியில் முன்பு ஊழியர்களுள் 100க்கு 54 பேரே ஊசி போட்டுக்கொண்டனர். 2005ஆம் ஆண்டில் அது வேலைக்குரிய நிபந்தனையாக்கப்பட்டது. அந்தப் பருவத்திலேயே, சுமார் 4,700 பேரில் 100க்கு 97 பேருக்கு மேல் போட்டுக்கொண்டனர். ஆனால் நர்ஸுகளின் சங்கம், தன்னுடன் கலந்து பேசாமல் விதியைப் புகுத்தியது செல்லாதென வழக்காடி வென்றது. ஊசி போட்டுக்கொள்ளாத நர்ஸுகள் முகக்கவசம் அணியவேண்டும் என்று நிர்வாகம் ஏற்பாடு செய்தது. 2008ல் செயின்ட் லூயிஸ் நகரின் பி.ஜே.சி. ஆஸ்பத்திரிகளிலும் இவ்விதி வந்தது. மருத்துவக் காரணமோ சமயக் காரணமோ உடையோர்க்கு விலக்களிக்கப்பட்டது. சுமார் 26,000 பேரில் வேலையிழந்தோர் 8 பேரே.

ஊழியர்க்கு ஊசி போடுவதால் நோயாளிகளின் உயிர் காக்கப்படுகிறதா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதியில் முதியோர் தங்கும் 20 ஆஸ்பத்திரிகளில் 1996-97 குளிர்காலத்தில் ஒரு சோதனை நடந்தது. ஊழியர்க்கு ஊசி அளிக்க முன்வந்த இடங்களில் நோயாளிகளுள் 100க்குச் சுமார் 14 பேர் இறந்தனர்; மற்ற இடங்களில் 22 பேர். இவ்வளவு பெரிய வேற்றுமை ஊசியால் மட்டும் விளைந்திருக்க இயலாது என்று மறுப்போரும் உளர். ஊசி, அல்லது முகக்கவசம் என்ற ஆன்டாரியோ ஆஸ்பத்திரி ஒன்றின் விதியை, போதிய ஆதாரமில்லை எனக் கூறி 2015ல் ஒரு மத்தியஸ்தர் தள்ளினார்.

இவற்றிலிருந்து நாம் கொள்ளும் முடிவு இதுவே. கட்டாயம் தொகையை உயர்த்தும் என்பதில் ஐயமில்லை. ஆனால் விதி செய்வோர், அதற்கு உட்படுவோரை முதலில் அழைத்துப் பேச வேண்டும். ஊசியின் பலனை மிகைப்படுத்தாமல் எடுத்துரைக்க வேண்டும். உடல்நிலை இடங்கொடாதவர்க்கு விலக்களிக்க வேண்டும். தம் கையில் ஒப்படைக்கப்பட்ட உயிரை எண்ணி ஊழியர் தாமே முன்வருவாராயின், விதிக்கு வேலையே இராது. ஊர்ப்பொது நலத்துக்காக எவ்விதி செய்யினும் பஞ்சாயத்துகள் நினைவிற்கொள்ள வேண்டிய நெறியும் இதுவேயாம்.