பச்சை முனையம் வேணும்னா கண்மாயில இருந்து தொடங்குங்க

நம்ம மல்லிகைப்பூ வெளிநாட்டுக்குப் போவது விமானத்தில்தான். அதனால் மதுரை விமான நிலையம் பெரிதாவதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எப்படிக் கட்டப் போறாங்க என்பதுதான் என் கேள்வி.

7,500 அடி ஓடுதளத்தை 12,500 அடியாக நீட்ட 600 ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கிறார்கள். வீட்டை இழக்கும் சின்ன உடைப்பு மக்கள் 2024 நவம்பரில் மறுகுடியமர்வு கேட்டுப் போராடினார்கள். இப்போதுள்ள முனையம் 2010-ல் திறந்தது. நாளைக்குப் புதுசாக ஒன்று கட்டினால் அதற்குப் ‘பசுமை’ என்று பெயர் வைப்பார்கள். எது பசுமை என்று நாம தெரிஞ்சு வச்சிருக்கணும்.

மின்சாரத்துக்கு வழி இருக்கிறது. கொச்சி விமான நிலையம் 2015 ஆகஸ்டில் 45 ஏக்கரில் 12 மெகாவாட் சூரியத் தகடுகளை அமைத்து, முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடும் உலகின் முதல் விமான நிலையமானது. தகடு கழுவும் தண்ணீரில் கீழே களை மண்டுமே! அந்த இடத்தில் இயற்கை முறையில் காய்கறி போட்டார்கள். மதுரை வெயிலுக்கு இன்னொன்றும் வேணும்: மேற்குச் சுவரில் கண்ணாடியைக் குறைத்து நிழல் கொடுத்தால் ஏசி செலவு குறையும்.

ஆனால் தகடு வைப்பது சுலபம். தண்ணீர்தான் கஷ்டம்.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். நீட்டப்போகும் 5,000 அடியை 45 மீட்டர் அகலத்துக்குக் கணக்குப் போடுங்க. 50 மில்லிமீட்டர் மழைக்குச் சுமார் 34 லட்சம் லிட்டர். மண்ணாக இருந்தவரை இதில் ஒரு பங்கு உள்ளே இறங்கியது. தார் போட்டால் அத்தனையும் ஓடும்.

நம்ம பக்கம் கண்மாய்கள் சங்கிலி. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். நடுவில் ஒரு வரத்துக் கால் அடைபட்டால் மழைக்கு மேலே வெள்ளம், தையில் கீழே கருகிய நெல்.

விமான நிலையத்தாருக்கும் ஒரு நியாயமான பயம் உண்டு. ஓடுதளத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்கினால் பறவை வரும், விமானத்துக்கு ஆபத்து. அதற்காகத் தண்ணீரைச் சாக்கடையில் தள்ள வேண்டியதில்லை. எண்ணெயைப் பிரித்தெடுத்துவிட்டு, மூடிய கால்வாய் வழியாகக் கீழ்க் கண்மாயில் சேர்க்கலாம். கூரைத் தண்ணீரை நிலத்தடித் தொட்டியில் பிடிக்கலாம். கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் மரங்களுக்கும் விடலாம்.

ஆகவே கிராம சபையிலோ கருத்துக் கேட்புக் கூட்டத்திலோ பேசப் போகும்போது கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் கையில் கொண்டு போங்க. எந்த வரத்துக் கால் எந்தப் புல எண்ணில் ஓடுது, அதற்கு மாற்று வழி எங்கே என்று கேளுங்க. முதல் செங்கல் வைக்கும் முன்னால் பதில் எழுத்தில் வரட்டும். கீழ்க் கண்மாய் நிறைந்தால் அந்த முனையத்தைப் பச்சை என்று நானே சொல்வேன்.