பானெட்டில் மெழுகு, அடியில் உப்பு

சம்பாப் பயிர் நிற்கும் வயலில் விடியலில் இறங்கினால், நெல் இலையில் பனித்துளி ஒட்டாமல் உருண்டு நிற்பதைப் பார்க்கலாம். இலையின் மேல் நுண்ணிய மேடுகள் உண்டு. அவற்றின் மேல் பயிர் தானே சுரந்துகொண்ட மெழுகுப் படிகங்கள் உண்டு. இரண்டும் சேர்வதால் துளி இலையைத் தொடும் இடம் மிகவும் குறைந்துவிடுகிறது. இலையின் நீளவாக்கில் தட்டினால் துளி சட்டென்று ஓடும், குறுக்குவாக்கில் அவ்வளவு எளிதில் ஓடாது. கார் மெழுகு விற்பவர்கள் தருவதாகச் சொல்வது இந்த வித்தையைத்தான். ஆனால் பானெட்டில் மேடு கிடையாது, அது வழவழவென்று இருக்கிறது. வழவழப்பான பரப்பில் எதைப் பூசினாலும் துளி அமரும் கோணம் ஏறத்தாழ 120 டிகிரியோடு நின்றுவிடும். நெல் இலையிலும் தாமரை இலையிலும் அது 150-ஐத் தாண்டும். 'தாமரை இலைத் தன்மை' என்று டப்பாவில் அச்சிட்டிருந்தால் அதை விளம்பரமாக மட்டும் படியுங்கள்.

மெழுகு போட்டால்தான் பெயிண்ட் நிற்கும் என்ற நம்பிக்கை வெறும் கற்பனை என்று சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் அது உண்மை. 1920-களில் அமெரிக்காவில் வந்த 'டியூகோ' வகைப் பெயிண்டிலிருந்து நம் ஊர் டாக்ஸி ஸ்டாண்டுகளை ஆண்ட அம்பாசடர் வரை, நிறம்தான் மேல் அடுக்கு. அதற்கு மேல் காப்பு எதுவும் இல்லை. வெயிலில் பெயிண்டைப் பிணைத்திருக்கும் பிசின் சிதைந்து, நிறமி மாவாகக் கையில் ஒட்டும். பாலிஷ் போட்டால் அந்தச் செத்த படலம் போய்ப் புது நிறம் தெரியும். மேலே மெழுகு தடவினால் கொஞ்ச நாள் தாங்கும். ஓட்டுநர்கள் வாராவாரம் தேய்த்ததில் நியாயம் இருந்தது.

இன்றைய காரின் கதை வேறு. தகட்டுக்குப் பாஸ்பேட் பூச்சு கொடுத்து, உடல் முழுவதையும் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி ஒரு காப்புப் படலம் படிய வைக்கிறார்கள். பிறகு பிரைமர், அதன்மேல் நிறம், கடைசியாக நிறமில்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் வரை வரும். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கிளியர் கோட்டின் பங்கு ஏறக்குறைய 40 மைக்ரான். புற ஊதாக் கதிரை விழுங்கும் பொருள் அதற்குள்ளேயே கலக்கப்பட்டிருக்கிறது. மேலே நாம் தடவும் மெழுகு ஒரு மைக்ரான்கூட இருக்காது. வெயிலைத் தடுக்கும் வேலையில் அதற்குப் பெரிய பங்கில்லை.

பாலிஷும் மெழுகும் ஒன்று என்று நினைப்பதுதான் அதிகச் செலவு வைக்கும் தவறு. மெழுகு சேர்க்கும், பாலிஷ் எடுக்கும். பாலிஷ் என்று 'ரப்பிங்' போடும்போதெல்லாம் கிளியர் கோட்டில் கொஞ்சம் போகிறது. போனது திரும்ப வளராது. கீறலுக்குப் பற்பசை தேய்ப்பதும் சின்ன அளவில் அதே ரப்பிங்தான். வருடாவருடம் பளபளப்புக்காகத் தேய்த்த காரில் கூரையும் பானெட்டும் தோல் உரிந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய வெள்ளைக் கார்கள் சிலவற்றில் கிளியர் கோட் கிடையாது. ஓரத்தில் துளி பாலிஷ் வைத்துத் துணியால் தேய்த்துப் பார்த்தால் துணியில் வெள்ளை ஏறும். அப்படி ஏறினால் அம்பாசடர் காலத்து வைத்தியம் அந்தக் காருக்குப் பொருந்தும்.

இனி கடைக்காரர் விரிக்கும் பட்டியல். கர்னாபா மெழுகு பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனைவகை மரத்தின் ஓலையிலிருந்து வருகிறது. 82 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஆனாலும் நம் வெயிலிலும் வாஷிலும் ஓரிரு மாதத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். டெஃப்ளான் 327 டிகிரியில் உருகும் பொருள். தோசைக்கல்லில் அதைச் சூளையில் சுட்டுத்தான் ஒட்ட வைக்கிறார்கள். துணியால் தேய்த்து அதே பூச்சை பானெட்டில் வரவழைக்க முடியாது. செராமிக் பூச்சு மெய்யாகவே கிளியர் கோட்டைப் பற்றிக்கொள்கிறது, மெழுகைவிடப் பல மாதம் நிற்கிறது, அழுக்கும் எளிதில் கழுவப்படுகிறது. ஆனால் அதன் '9எச்' என்பது பென்சில் கடினத்தின் அளவு, வைரத்தை அளக்கும் அளவுகோல் அன்று. சாவி கீறினால் கீறல் விழும், ஜல்லி பட்டால் பெயிண்ட் தெறிக்கும். ஜல்லியைத் தாங்க வேண்டுமானால் 150 முதல் 200 மைக்ரான் வரை தடிமனுள்ள பாலியூரித்தேன் பிலிம்தான் ஒட்ட வேண்டும். விலையை உட்கார்ந்துகொண்டு கேளுங்கள்.

நம் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர் பெயிண்டைக் கெடுப்பது பெரும்பாலும் காலையில் காரைத் துடைக்கும் துணியால்தான். தை, மாசியில் அறுவடை இயந்திரம் ஓடும்போதும் சாலையில் நெல் காயும்போதும் பறக்கும் தூசியில் உமியும் வைக்கோல் துகளும் இருக்கும். உமியை எரித்த சாம்பலில் 85 விழுக்காட்டுக்கு மேல் சிலிக்கா. அந்தத் தூசியை வறண்ட துணியால் துடைத்தால் பெயிண்டின்மேல் உப்புத்தாள் ஓட்டியதாகத்தான் கணக்கு. தூசி படிந்த காரின்மேல் கவர் இழுத்து மூடினாலும் இதே கீறல்தான். முதலில் தண்ணீர் ஊற்றுங்கள், பிறகு கையை வையுங்கள். உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயம் பக்கம் மரத்தடியில் நிறுத்திவிட்டு வந்தாலும் சுரண்ட வேண்டாம். ஈரத்துணியைப் பத்து நிமிடம் போட்டு எச்சத்தை ஊறவைத்து எடுங்கள்.

பானெட்டில் நிற்கும் தண்ணீர்த் துளி வில்லைபோல வெயிலைக் குவித்துப் பெயிண்டை எரிக்கிறது என்று சொல்வார்கள். முழு உருண்டையான நீர்த்துளிகூட ஒளியைக் குவிப்பது தன் பரப்புக்கு அப்பால்தான். தட்டையாக உட்கார்ந்த துளி இன்னும் தள்ளித்தான் குவிக்கும். பானெட்டில் வெள்ளை வட்டமாகத் தங்குவது போர் தண்ணீரின் சுண்ணாம்பும் உப்பும். மெழுகு போட்ட காரில் தண்ணீர் உருண்டு நிற்பதால் இந்த வட்டங்கள் இன்னும் எடுப்பாகத் தெரியும். நிழலில் கழுவி, காயும்முன் ஈரத்தை ஒற்றியெடுத்தால் வட்டம் விழாது.

இத்தனையும் கண்ணுக்குத் தெரியும் சேதம். தெரியாததுதான் பெரியது. ராஜாஜி 1930-இல் உப்பெடுக்கப் போன வேதாரண்யம் நமக்குப் பக்கத்து ஊர். கடலுப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. மழை இல்லாத நாளிலும் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தகட்டை நனைத்தே வைத்திருக்கும். உப்புக்காற்றும் வாய்க்கால் கரைச் சேறும் போய் ஒளிவது மட்கார்டின் உள்மடிப்பிலும் கதவின் அடிவிளிம்பிலும்தான். அங்கே எந்த மெழுகும் போவதில்லை. கதவின் அடியில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். சேறு அடைத்தால் மழைநீர் உள்ளேயே தேங்கித் துரு உள்ளிருந்து வெளியே வரும். பானெட் கண்ணாடியாக மின்ன, கதவு அடியில் அரித்துப்போன கார்கள் கடலோரத்தில் ஏராளம்.

அடுத்த முறை வாட்டர் சர்வீஸுக்குப் போகும்போது, பாலிஷ் வேண்டுமா என்று கேட்பார்கள். காரை மேலே தூக்கி அடிப்பாகத்தையும் நான்கு மட்கார்டுகளின் உட்புறத்தையும் நல்ல தண்ணீரில் அடிக்கச் சொல்லுங்கள். கதவுத் துளைகளை ஈர்க்குச்சியால் நீங்களே குத்திப் பாருங்கள். கையில் பணம் மிஞ்சினால் மெழுகும் போடலாம், கார் பார்க்க நன்றாக இருக்கும்.