குளிசையை நிறுத்து முன் ஒரு வார்த்தை



மனத்துயரம் ஈமானின் குறைவு அல்ல. மகன் யூஸுஃபைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்கள், கண்கள் வெளுத்துப் போகுமளவுக்குத் துயரப்பட்டதை அல்குர்ஆன் எடுத்துரைக்கிறது. அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு, நபி (ஸல்) அவர்களின் வரலாற்றில் துயர ஆண்டு என்றே பெயர் பெற்றது.

ஆனால் நம் ஊர்களில் நிலை வேறு. ஒரு பெண் இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமின்றி, உணவு வெறுத்து, பெற்ற பிள்ளையிடமும் நாட்டமின்றி, காரணம் தெரியாமல் அழுதால், "தொழுகையில் குறை" என்பார் ஒருவர். "ஜின் பார்வை" என்பார் இன்னொருவர். வைத்தியர் கொடுத்த குளிசையும் பத்தாம் நாள் அலுமாரிக்குள் போய்விடும்.

பல்கீ சொன்ன இரு கவலைகள்

இன்றைய ஆப்கானிஸ்தானின் பல்க் பகுதியில் பிறந்து, கி.பி. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் எழுதியவர். அதன் பெயர் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்'. கவலையை அவர் இரண்டாகப் பிரித்தார். உறவையோ பொருளையோ இழந்ததால் வருவது ஒன்று. காரணமே தெரியாமல் வருவது மற்றொன்று. அதன் வேர் உடலில் உள்ளது, அதற்கு மருந்தும் வேண்டும் என்றார். மனச்சோர்வுக்கு மருந்து உண்பது மேற்கிலிருந்து வந்த புதுமை என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் தொல்லை, பிறகே நன்மை

இந்தக் குளிசைகளைப் பெண்கள் இடையில் விட்டுவிடுவதற்கு முக்கிய காரணம் ஒன்றுண்டு. பக்க விளைவு முதல் வாரத்திலேயே வந்துவிடும். நன்மையோ இரண்டு முதல் நான்கு வாரம் கழித்தே தெரியத் தொடங்கும். இடைப்பட்ட நாட்களில், "இது என்னை மேலும் நோயாளியாக்குகிறது" என்று தோன்றுவது இயல்பே.

புளுஒக்ஸற்றீன், சேர்ட்ரலீன் போன்றவற்றால் குமட்டல், தலைவலி, தூக்கக் குழப்பம், படபடப்பு வரலாம். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தணியும். சாப்பாட்டுக்குப் பின் உட்கொண்டால் குமட்டல் குறையும். பழைய வகையான அமிட்ரிப்டிலீனால் வாய் உலரும், மலச்சிக்கல் வரும், பகலிலும் தூக்கம் வரும். அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். கீரை, பழம் உண்ணுங்கள். ஸுஜூதிலிருந்து மெதுவாக எழும்புங்கள், தலை சுற்றக்கூடும். இக்குளிசை அளவு மீறினால் இதயத்தையே தாக்கும். பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

சிலருக்கு இல்லற நாட்டம் குறையும். இதைச் சொல்ல வெட்கப்பட்டே பலர் மருந்தை விடுகின்றனர். மார்க்கத்தைக் கற்க அன்ஸாரிப் பெண்களுக்கு வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) புகழ்ந்தார்கள். வைத்தியரிடமும் தயங்காமல் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி உண்டு.

திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றும் எரிச்சலும் உடம்பில் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற உணர்வும் வரலாம். சுகமான பின்னும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, வைத்தியர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தாமாக நிறுத்தாமல் அவரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

றமழானில்

தினம் ஒரு வேளைக் குளிசையானால் ஸஹரிலோ நோன்பு திறந்த பின்னோ எடுக்கலாம். பல வேளையானால் றமழானுக்கு முன்பே வைத்தியரைக் கேளுங்கள். நோயாளிக்கு நோன்பைப் பிற்படுத்தும் சலுகையை அல்லாஹ்வே தந்திருக்கின்றான்.

வீட்டாரின் கடமை

முதல் வாரங்களில் அவளைத் தனியே விடாதீர்கள். பகல் வேலையில் பாதியைப் பகிர்ந்து கொள்ளுங்கள். இளம் வயதினருக்குத் தொடக்கத்தில் உயிரை மாய்க்கும் எண்ணம் கூடக்கூடும். "நான் இல்லாவிட்டால் நல்லது" என்ற பேச்சு வந்தாலோ, தூக்கமின்றி அளவு மீறிய உற்சாகம் கண்டாலோ, அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஒரு காலத்தில் மனநோய் என்றால் அங்கொடைதான் நினைவுக்கு வரும். 2004 சுனாமி நம் குச்சவெளிக் கரையையும் அடித்த பின்னர், உளநலச் சேவைகள் மாவட்டங்களுக்கும் பரவின. இன்று திருகோணமலை வைத்தியசாலையிலேயே இலவசமாகச் சிகிச்சை பெறலாம். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தோடு பேசலாம்.

ஓதுங்கள், துஆக் கேளுங்கள். கவலையிலிருந்து பாதுகாப்புத் தேட நபியவர்களே கற்றுத் தந்திருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பச் சொன்னவர்களும் அவர்களே. வைத்தியர் தந்த குளிசையை ஒழுங்காக உட்கொள்வதும் ஒட்டகத்தைக் கட்டுவதுதான். சுகத்தைத் தருபவன் அல்லாஹ்.