வீட்டுத் தோட்டத்தில் பூண்டு வளர்ப்பு

பூண்டு, வெங்காயப் பேரினத்தைச் சேர்ந்த ஒரு குமிழ்த் தாவரம் ஆகும். வெள்ளைப்பூண்டு, வெள்ளுள்ளி என்றும், இலங்கைத் தமிழில் உள்ளி என்றும் இது அழைக்கப்படுகிறது. இதன் தாவரவியல் பெயர் அல்லியம் சட்டைவம். நடு ஆசியாவைத் தாயகமாகக் கொண்ட இப்பயிர் இன்று சீனாவிலும் இந்தியாவிலும் மிகுதியாக விளைகிறது. பூண்டு விதையிலிருந்து அல்லாமல், பல்லை ஊன்றியே பயிரிடப்படுகிறது.

சமவெளியில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்போர் பலர், பூண்டுச் செடி செழித்து வளர்ந்தும் பிடுங்கிப் பார்த்தால் அடியில் ஒன்றும் இல்லை என்று கூறுவதுண்டு. இதற்கு உரக் குறைவோ கவனக் குறைவோ பெரும்பாலும் காரணம் அல்ல. குளிரும் பகல் நீளமுமே காரணம்.

குமிழ் எவ்வாறு உருவாகிறது?

ஊன்றிய பல் முதலில் வேரும் இலையும் விடுகிறது. சில வாரங்கள் குளிரை உணர்ந்த பிறகே செடியின் அடியில் புதிய பற்களுக்கான மொட்டுகள் தோன்றுகின்றன. பின்னர்ப் பகல் நீண்டு வெப்பம் ஏறும்போது அம்மொட்டுகள் உணவைச் சேமித்துப் பருக்கின்றன. போதிய குளிர் கிடைக்காத செடி இலையோடு நின்றுவிடும்; அல்லது பல் பிரியாத ஒற்றைப் பூண்டாக முடியும்.

கொடைக்கானலின் பகல் நீளம் அருகிலுள்ள சமவெளியின் பகல் நீளத்தை ஒத்ததே. ஆனால் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்திருப்பதால் அங்கே குளிர் உண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. நீலகிரியிலும் பூண்டு விளைகிறது. வட மாநிலங்களில் குளிர்காலத்தில் வளர்ந்து, நீண்ட பகலில் குமிழ் விடும் வகைகள் தமிழ்நாட்டுக்குப் பொருந்துவதில்லை. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தை எட்டுவதில்லை.

பருவமும் விதைப்பூண்டும்

மலைப்பகுதிகளில் ஜூன்-ஜூலை, அக்டோபர்-நவம்பர் ஆகிய இரு பருவங்களில் பூண்டு நடப்படுகிறது. சமவெளியில் அக்டோபர் இறுதி முதல் நவம்பர் வரை மட்டுமே ஏற்ற காலம். அப்போது நட்டால் மார்கழி, தைக் குளிர் இளஞ்செடிக்குக் கிடைக்கும். கோடையில் ஊன்றினால் தாள் மட்டுமே கிடைக்கும். அதையும் வீணாக்க வேண்டியதில்லை. துவையலுக்கும் பொரியலுக்கும் நன்றாக இருக்கும்.

கடையில் வாங்கும் பூண்டு எந்த ஊர் வகை என்று தெரியாது. எனவே மலைப்பகுதியில் விளைந்த பூண்டை விதைக்குத் தேடி வாங்குவது நல்லது. புதிதாக அறுவடை செய்த பூண்டு சில காலம் உறக்கநிலையில் இருக்கும் என்பதால் உடனே முளைக்காது. பல்லை நீளவாக்கில் வெட்டினால் நடுவில் பச்சை முளை தெரியும் பூண்டு நடுவதற்குத் தயாரானது.

சமவெளியில் நடுவோர், முழுப் பூண்டைக் காகிதப் பையில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 4 முதல் 6 வாரம் வைத்துப் பிறகு நடலாம். உறைநிலைப் பகுதியில் வைக்கக் கூடாது. வெளியே எடுத்தவுடன் நட்டுவிட வேண்டும். இதனால் குமிழ் விடும் வாய்ப்பு கூடும். ஆயினும் உறுதி சொல்ல இயலாது.

நடவு

1. நீர் தேங்காத, நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது வெயில் படும் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் காலம் என்பதால் மேட்டுப்பாத்தி அவசியம்.
2. மண்ணைப் பொலபொலப்பாகக் கொத்தி, நன்கு மக்கிய தொழு உரமும் சிறிது வேப்பம் புண்ணாக்கும் கலக்க வேண்டும். புதுச் சாணம் அழுகலை உண்டாக்கும்.
3. நடும் நாளில் மட்டும் பற்களைப் பிரிக்க வேண்டும். தோலை உரிக்கக் கூடாது.
4. கூர்முனை மேலே இருக்குமாறு 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் ஊன்ற வேண்டும். வரிசைக்கு வரிசை 15 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. இடைவெளி போதும். ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 65 பற்கள் நடலாம்.
5. மாடித் தோட்டத்தில் 30 செ.மீ. அகலமும் 25 செ.மீ. ஆழமும் உள்ள பையில் ஆறேழு பற்கள் நடலாம்.

பராமரிப்பு

மண் ஈரமாக இருக்க வேண்டும், சேறாகக் கூடாது. பூண்டின் வேர்கள் மேலோட்டமானவை என்பதால் களையைக் கையால் எடுப்பது நல்லது. வைக்கோல் அல்லது சருகு மூடாக்கு, களையைக் குறைத்து ஈரத்தைக் காக்கும். இலைகளில் வெண்கோடுகள் தெரிந்தால் இலைப்பேன் தாக்குதலாக இருக்கலாம். வேப்ப எண்ணெய்க் கரைசலை மாலை வேளையில் தெளிக்கலாம். அழுகிய செடியை மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். பூண்டோ வெங்காயமோ விளைந்த இடத்தில் அடுத்த ஆண்டும் பூண்டு நடக் கூடாது.

அறுவடை

நட்ட 120 முதல் 130 நாட்களில் பயிர் முதிரும். எனினும் நாட்கணக்கை மட்டும் நம்பாமல் இலையைப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இலையின் அடிப்பகுதியும் குமிழைச் சுற்றி ஒரு தோலாக அமைகிறது. அடியிலுள்ள மூன்று, நான்கு இலைகள் காய்ந்து மேலிலைகள் பச்சையாக இருக்கும் நிலையே அறுவடைக்கு உகந்தது. எல்லா இலைகளும் காயும்வரை காத்திருந்தால் தோல்கள் மண்ணில் மக்கி, பற்கள் பிரிந்து, பூண்டு சேமிப்புக்கு ஆகாமற்போகும்.

அறுவடைக்குப் பத்து நாட்களுக்கு முன் நீர் பாய்ச்சுவதை நிறுத்த வேண்டும். தாளைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். களைக்கொட்டால் பக்கத்து மண்ணை நெகிழ்த்தி, அடியோடு தூக்க வேண்டும்.

உலர்த்துதலும் சேமித்தலும்

எடுத்த பூண்டைக் கழுவக் கூடாது. ஒட்டிய மண்ணை உதறினால் போதும். தாளுடன் சிறு கட்டுகளாகக் கட்டி, காற்றோட்டமான நிழலில் 2 முதல் 3 வாரம் தொங்கவிட வேண்டும். கழுத்துப்பகுதி முழுதும் காய்ந்த பின் வேரை நறுக்கி, தாளில் 2 செ.மீ. விட்டு வெட்டி, வலைப்பையில் வைக்கலாம். நெகிழிப்பையில் கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

பெரிய பூண்டைச் சமையலுக்கும் சிறியதை விதைக்கும் ஒதுக்குவது பல வீடுகளில் காணப்படும் தவறு. சிறு பல் சிறு பூண்டையே தரும். ஆண்டுக்காண்டு விளைச்சல் சிறுத்துவிடும். நோயற்ற செடிகளின் மிகப் பெரிய பூண்டுகளையே விதைக்கு எடுத்து வைக்க வேண்டும்.

மாணவர்களுக்கான சோதனை

ஒரே பூண்டின் சம அளவுள்ள பற்களை இரு பங்காக்குக. ஒரு பங்கை 5 வாரம் குளிர்பதனப் பெட்டியிலும் மற்றதை அறை வெப்பத்திலும் வைக்கவும். இரண்டையும் நவம்பரில் ஒரே நாளில், ஒரே மண் நிரப்பிய இரு தொட்டிகளில் நட்டு, வாரந்தோறும் இலைகளின் எண்ணிக்கையையும் உயரத்தையும் குறித்து வருக. மார்ச்சில் தோண்டிப் பார்க்கும்போது, எந்தத் தொட்டியில் எத்தனை செடிகள் பல் பிரிந்துள்ளன என்பதை எண்ணி ஒப்பிடலாம்.