கிழக்கு பார்த்த மஞ்சள் வயல்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தலைநகரான ராலேயில், 308 ஏக்கரில் விரிந்து கிடக்கிறது டோரோதியா டிக்ஸ் பூங்கா. 1856இல் தொடங்கிய மனநல மருத்துவமனை 2012 வரை இயங்கிய வளாகம் இது. நகர நிர்வாகம் 2015இல் வாங்கியது. ஜூலை பிறந்தால் போதும், இங்குள்ள சூரியகாந்தி வயலில் கேமராவும் கையுமாகக் கூட்டம்தான்.

படம் பிடிக்கக் காலைதான் தோது. இளம் பருவத்தில் சூரியனோடு கூடவே திரும்பும் செடி, பூ முற்றியதும் கிழக்கு பார்த்தே நின்றுவிடும். காலை வெயிலில் சீக்கிரம் சூடேறும் அந்தப் பூக்களைத் தேனீக்கள் அதிகம் மொய்க்கின்றன.

கிட்டே போய்ப் பார்த்தால், ஒரே பூவாகத் தெரிவது நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்களின் கூட்டம். விளிம்பில் தொடங்கி, வட்டம் வட்டமாக நடுவை நோக்கி மலர்கின்றன. சுற்றியிருக்கும் மஞ்சள் இதழ்களோ விதை தருவதில்லை. தேனீக்களுக்கான விளம்பரப் பலகை அவை!